இரண்டாம் படி: ஓலைச் சுவடியிலிருந்து வன்தட்டு வரை

முக்கியமான ஒரு பொருளை இரண்டாக வைத்துக்கொள்வது நமக்குப் புதிய பழக்கம் அன்று. வீட்டுப் பூட்டுக்கு மாற்றுச் சாவி வைத்திருக்கிறோம். லாரியின் அடியில் 'ஸ்டெப்னி' தொங்குகிறது. வீட்டுப் பத்திரத்தின் அசல் நம்மிடம் இருந்தாலும், அதன் படி ஒன்று பதிவு அலுவலகத்தில் இருக்கிறது. ஆனால் கணிப்பொறி என்று வந்தால் மட்டும் நம் போக்கு மாறிவிடுகிறது. குடும்பப் படங்கள், மாணவர் எழுதிய ஆய்வேடு, கடைக்காரரின் ஐந்து ஆண்டுக் கணக்கு ஆகிய யாவும் ஒரே ஒரு 'ஹார்டு டிஸ்க்'கில் இருக்கும். "இன்னொரு டிஸ்க் பிறகு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்" என்று இருந்துவிடுகிறோம்.

இந்தப் 'பிறகு' என்னும் சொல்லுக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அது கணிப்பொறியோடு தொடங்கியதன்று. தமிழ்நாட்டின் ஓர் உப்புக் கடற்கரையிலிருந்து அதைத் தொடங்கிப் பார்ப்போம்.

உப்பளக் கரையும் ஒரு பாட்டும்

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே வடக்கு நோக்கி ஏறக்குறைய 35 கிலோமீட்டர் சென்றால் மரக்காணம் வரும். விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூரின் அருகே பாத்தி பாத்தியாக உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. உவர்நீரைப் பாத்திகளில் தேக்கி, வெயிலில் வற்றவிட்டு, விளைந்த உப்பை வாரிக் குவிக்கிறார்கள். பல நாள் உழைப்பில் விளைந்ததை ஒரு பெருமழை கரைத்துவிடக்கூடும். சேர்ப்பதற்கு வேண்டிய காலமும் இழப்பதற்கு வேண்டிய காலமும் ஒன்றல்ல என்பதை உப்பளத் தொழிலாளிக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

மரக்காணம் மிகப் பழைய ஊர். இங்குள்ள பூமீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றிற்கும் பல நூற்றாண்டுகள் முன்னர் இப்பகுதி ஓய்மானாடு என்று பெயர் பெற்றிருந்தது. அந்நாட்டை ஆண்ட நல்லியக்கோடனைத் தலைவனாகக் கொண்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய பாட்டே பத்துப்பாட்டில் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை. 269 அடிகள் கொண்ட இப்பாட்டில் எயிற்பட்டினம் என்னும் கடற்கரை ஊர் வருகிறது. அந்த எயிற்பட்டினமே இன்றைய மரக்காணம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. 'பெரிப்ளூஸ்' என்னும் பழைய கிரேக்கக் கடற்பயண நூல் குறிப்பிடும் 'சோபட்மா' என்ற துறைமுகமும் இதுவே என்று கருதுவோர் உண்டு.

இப்போது ஒரு கேள்வி எழுகிறது. அந்தப் பட்டினத்தின் வீடுகள் இல்லை. அங்கு வந்து நின்ற மரக்கலங்களும் இல்லை. ஆனால் அதைப் பற்றிய பாட்டு மட்டும் நம் கையில் இருக்கிறது. கல்லும் மரமும் அழிந்த இடத்தில் சொல் மட்டும் எப்படித் தப்பியது?

புலவர் பாடிய காலத்து ஏடு எதுவும் இன்று இல்லை. நம்மிடம் வந்து சேர்ந்தது படியின் படியின் படியே ஆகும்.

ஏடு எழுதியவர்கள் கண்ட முறை

பனை ஓலையைப் பக்குவப்படுத்தி எழுத்தாணியால் கீறி எழுதினர் நம் முன்னோர். நம் நாட்டின் வெப்பத்திலும் ஈரத்திலும் ஓலை நொறுங்கும், பூச்சி அரிக்கும். எவ்வளவு கவனமாகப் பாதுகாத்தாலும் ஒரு சுவடிக்குச் சில நூறு ஆண்டுகளே வாழ்நாள். கணக்குக்காக அதனை 200 ஆண்டு என்று கொள்வோம். சிறுபாணாற்றுப்படை அச்சேறும் வரை ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் ஓலையிலேயே வாழ்ந்தது என்று கொண்டால், குறைந்தது எட்டுத் தலைமுறைச் சுவடிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுதப்பட்டிருக்க வேண்டும். இச்சங்கிலியில் ஒரே ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தாலும் எயிற்பட்டினம் நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

பழைய ஏடு சிதையத் தொடங்கியதும் புதிய ஓலையில் படியெடுத்துக்கொண்டு, பழையதை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடுவது வழக்கமாக இருந்தது. நல்ல முறைதான். ஆனால் பிற்காலத்தில் படியெடுக்கும் வேலை நின்று, ஆற்றில் விடும் வேலை மட்டும் நின்றபாடில்லை! சுவடி தேடி ஊர் ஊராக அலைந்த டாக்டர் உ. வே. சாமிநாதையர், ஆடிப் பதினெட்டில் ஏடுகளை ஆற்றில் விட்ட செய்தியைக் கேட்டு வருந்தியதைத் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

இதற்கு நேர்மாறான ஒரு செய்தி, கொள்ளிடக் கரையிலுள்ள திருமழபாடிக் கோயிலில் கல்லிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. முதலாம் இராசராச சோழனின் ஆட்சியின் இறுதிப் பகுதியில் அக்கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஆணை பிறந்தது. அதன் சுவர்களில் தானம், நிலம், விளக்கு பற்றிய கல்வெட்டுகள் பல இருந்தன. எனவே அவற்றையெல்லாம் முதலில் புத்தகத்தில் படியெடுத்துக்கொண்டார்கள். பின்னரே கல்லைப் பிரித்தார்கள். கோயில் புதிதாக எழுந்தபின், இராசேந்திர சோழன் காலத்தில், ஏறக்குறைய 1026-ஆம் ஆண்டில், புத்தகத்திலிருந்தவை மீண்டும் சுவரில் வெட்டப்பட்டன.

இதில் உள்ள வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் படி, பிறகு பிரிப்பு, அதன்பின் புதிய இடத்தில் மீண்டும் பதிவு. இன்றைய கணிப்பொறிப் பொறியாளர் பழைய தட்டைக் கழற்றிப் புதிய தட்டைப் பொருத்தும்போது பின்பற்ற வேண்டிய வரிசையும் இதுவே. இடையில் எந்த ஒரு நாளிலும் செய்தி எங்கும் இல்லாத நிலை ஏற்படக்கூடாது.

'பிறகு' தேடிய வளையாபதி

ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்று வளையாபதி என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அதில் இன்று எஞ்சியிருப்பவை எழுபதுக்குச் சற்று மிகுதியான பாடல்களே. அவையும் பிற நூல்களிலும் உரைகளிலும் மேற்கோளாக வந்ததால் பிழைத்தவை. முழு நூல் எப்போது மறைந்தது? சங்க காலத்தை அடுத்து என்று நினைத்தால் தவறு. மிக அண்மைக் காலத்தில்தான்.

உ. வே. சாமிநாதையர் திருவாவடுதுறை மடத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், அம்மடத்துப் புத்தகசாலையில் வளையாபதிச் சுவடியைப் பார்த்ததாகத் தம் வரலாற்றில் குறிப்பிடுகிறார். பிள்ளையவர்கள் மறைந்தது 1876-இல். எனவே அதற்கு முந்திய செய்தி இது. அந்நாளில் பழங்காப்பியங்களில் யாருக்கும் நாட்டம் இல்லை. இளம் மாணவரான அவருக்கும் அந்த நூலை எடுத்துப் படிக்கும் சந்தர்ப்பம் வரவில்லை. பின்னர் பழைய நூல்களைப் பதிப்பிக்கும் எண்ணம் வலுத்தபோது அவர் அதைத் தேடினார். சுவடி அங்கே இல்லை. வேறு எங்கும் கிடைக்கவும் இல்லை.

அதே காலத்தில் அதே கைகள் தேடிய பத்துப்பாட்டு கிடைத்தது. 1889-இல் நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சில் வந்தது. வேறுபாடு நூலின் பெருமையில் இல்லை. படிகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. பத்துப்பாட்டுக்குப் பல இடங்களில் படிகள் இருந்தன. ஓரிடத்தில் செல்லரித்த பகுதி இன்னோரிடத்தில் முழுமையாக இருந்தது. வளையாபதிக்கு, தேடியபோது ஒரு படியும் எஞ்சவில்லை.

சுழலும் காந்தத் தட்டு

இனி இயற்பியலுக்கு வருவோம். நம் காலத்து ஓலை எது? 1956-ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் 'ராமாக்' என்ற கணிப்பொறியை அறிவித்தது. அதில் 61 சென்டிமீட்டர் விட்டமுள்ள 50 தட்டுகள் ஓர் அச்சில் அடுக்கப்பட்டு நிமிடத்திற்கு 1,200 முறை சுழன்றன. ஏறக்குறைய ஒரு டன் எடையுள்ள அந்த அடுக்கில் 50 லட்சம் எழுத்துகளைச் சேமிக்கலாம். உலகின் முதல் வன்தட்டு இதுவே.

தட்டின் மேல் ஒரு மெல்லிய காந்தப் பூச்சு உண்டு. அப்பூச்சின் மிகச் சிறு பகுதி ஒவ்வொன்றையும் ஒரு குட்டிக் காந்தமாகக் கருதுங்கள். அதன் வடமுனை ஒரு பக்கம் நோக்கினால் ஒரு செய்தி. திசை மாறினால் வேறு செய்தி. இந்தத் திசைகளைக் கொண்டே 0, 1 என்னும் இரண்டு இலக்கங்களும், அவற்றின் வழியே எழுத்தும் படமும் பாட்டும் பதிகின்றன. முற்காலத் தட்டுகளில் பூசப்பட்டது இரும்பு ஆக்சைடு. மரக்காணத்துக் கடற்காற்றில் ஜன்னல் கம்பி மீது படியும் துருவுக்கு அது உறவுமுறைப் பொருள்தான்! இன்று கோபால்ட் கலவை உலோகப் படலம் அதன் இடத்தைப் பிடித்துவிட்டது.

எழுதவும் படிக்கவும் பயன்படும் 'ஹெட்' என்ற தலை, தட்டைத் தொடுவதில்லை. தட்டு சுழலும் வேகத்தில் உண்டாகும் காற்றுப் படலத்தின் மேல் மிதக்கிறது. மேசைக் கணிப்பொறியில் உள்ள மூன்றரை அங்குல வன்தட்டு நிமிடத்திற்கு 7,200 முறை சுழலுமாயின், அதன் விளிம்பு மணிக்கு 125 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது. தலைக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளியோ சில நானோமீட்டர். அதாவது தலைமயிரின் பருமனில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. சாலையைத் தொடாமல் ஒரு மயிரிழை உயரத்தில் பறக்கும் வண்டி என்று சொன்னால்கூட அது குறைத்துச் சொன்னதாகவே ஆகும்.

இந்த நிலையில் ஒரு தூசி, ஓர் அதிர்ச்சி, ஒரு மின்னழுத்த ஏற்றம் எதுவும் கேடு செய்யலாம். தலை தட்டில் உரசினால் பூச்சு பெயர்ந்துவிடும். காற்றுத் துளையும் வடிகட்டியும் உள்ள சாதாரண வன்தட்டுகளுக்கு வெளியிலுள்ள ஈரம் பகை; மின்சுற்றுப் பலகைக்கு உப்புக் காற்று பெரும்பகை. உப்புத் துகள் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு மின்கடத்தும் கரைசலாகி, செம்பையும் வெள்ளீயப் பற்றையும் அரிக்கிறது. ஓலைக்குப் பூச்சி எப்படியோ, கடலோரக் கணிப்பொறிக்கு உப்பு அப்படி.

ஓலையைவிட இது ஒரு வகையில் கொடியது. ஓலை மெல்ல மெல்லச் சிதையும், பார்த்தவுடன் தெரியும். வன்தட்டு நேற்று வரை நன்றாக ஓடிவிட்டு இன்று காலை ஒரு சொல்லும் சொல்லாமல் நின்றுவிடும்.

ஒரே வேளையில் இரண்டு

இதற்கு மாற்று என்ன? இரவில் வேலை முடிந்ததும் காந்த நாடாவில் படியெடுத்து வைக்கும் வழக்கம் முதலிலிருந்தே இருந்தது. ஆனால் பகலில் தட்டு கெட்டால் அன்றைய வேலை போய்விடும். வங்கியில் மதியம் ஒருவர் கட்டிய பணம் கணக்கிலிருந்து மறைந்துவிட்டது என்று சொல்ல முடியுமா?

1974-இல் ஜேம்ஸ் டிரைபிக் என்பவரும் அவர் தோழர்களும் அமெரிக்காவில் 'டாண்டம்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். எந்த உறுப்பு கெட்டாலும் நிற்காமல் ஓடும் கணிப்பொறியைச் செய்வதே அவர்கள் நோக்கம். அவர்களது முதல் பொறி 1976-இல் சிட்டி வங்கிக்குச் சென்றது. அதில் வட்டுகள் இணை இணையாக அமைந்தன. எழுத வேண்டிய ஒவ்வொரு செய்தியையும் பொறி இரண்டிலும் எழுதும். இரண்டிலும் எழுதி முடிந்த பின்னரே 'முடிந்தது' என்று சொல்லும். ஒன்று கெட்டால் மற்றதைக்கொண்டு வேலை தொடரும். முகமும் கண்ணாடியில் தெரியும் முகமும் போல இரண்டும் எப்போதும் ஒத்திருப்பதால் இதற்கு 'மிர்ரரிங்' என்று பெயர் வந்தது. நாம் இதனை ஆடிப்பதிவு எனலாம்.

இதில் ஒரு கூடுதல் நன்மையும் உண்டு. எழுதும்போது இரண்டிலும் எழுத வேண்டும். ஆனால் படிக்கும்போது இரண்டில் எது ஓய்வாக இருக்கிறதோ அதிலிருந்து படிக்கலாம். ஆகவே படிக்கும் வேகம் கூடுகிறது.

1988-இல் கலிபோர்னியாவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பாட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும் புகழ்பெற்ற ஒரு கட்டுரையை வெளியிட்டனர். ஒரே பெரிய, விலை மிகுந்த வட்டுக்குப் பதிலாகச் சிறிய, விலை குறைந்த பல வட்டுகளைச் சேர்த்துப் பயன்படுத்தினால் என்ன என்பது அவர்கள் கேள்வி. அதில் ஓர் இடையூறு இருப்பதை அவர்களே கணக்கிட்டுக் காட்டினர். ஒரு சிறு வட்டு சராசரியாக 30,000 மணி நேரம் உழைக்கும் என்றால், நூறு வட்டுகள் சேர்ந்த கூட்டத்தில் 300 மணிக்கு ஒரு வட்டு கெடும். அதாவது இரண்டு வாரத்திற்குள் ஒன்று! எனவே மிகைப் படி இல்லாமல் இந்தக் கூட்டம் பயன்படாது. இந்த அமைப்புக்கு 'ரெய்டு' என்று பெயரிட்டனர். அதன் முதல் படிநிலை ஆடிப்பதிவே.

மற்றப் படிநிலைகள் செலவைக் குறைக்கும் தந்திரங்கள். அவற்றின் உட்கருத்தை ஒரு சின்னக் கணக்கால் விளக்கலாம். மூன்று வட்டுகளில் 4, 7, 2 என்ற எண்கள் உள்ளன. நான்காம் வட்டில் அவற்றின் கூட்டுத்தொகை 13-ஐ எழுதி வையுங்கள். இரண்டாம் வட்டு கெட்டால்? 13-இலிருந்து 4-ஐயும் 2-ஐயும் கழித்தால் 7 மீண்டும் வந்துவிடும். மூன்று வட்டுக்கு மூன்று மாற்று வாங்காமல் ஒன்றே போதும். பொறிகள் கூட்டலுக்குப் பதிலாக இரும எண்களில் இதற்கு இணையான ஒரு செயலைச் செய்கின்றன, தத்துவம் ஒன்றுதான்.

கணக்கு என்ன சொல்கிறது?

ஆடிப்பதிவு எவ்வளவு காப்பு தரும் என்பதை நாமே கணக்கிட்டுப் பார்ப்போம். நூறு வட்டுகளில் ஆண்டுக்கு 2 கெடும் என்று வைத்துக்கொள்வோம். ஒற்றை வட்டு வைத்திருப்பவர் அந்த ஆண்டில் யாவற்றையும் இழக்கும் வாய்ப்பு 50-இல் ஒன்று.

இரண்டு வட்டு வைத்திருப்பவருக்கு, அவற்றில் ஏதேனும் ஒன்று கெடும் வாய்ப்பு 100-இல் 4. அதனால் அவர் எதையும் இழப்பதில்லை. கெட்டதை ஒரே நாளில் மாற்றிவிடுகிறார் என்றால், அந்த ஒரு நாளுக்குள் மற்றதும் கெட்டால்தான் இழப்பு. ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு வட்டு கெடும் வாய்ப்பு 0.02-ஐ 365-ஆல் வகுத்தால் கிடைப்பது. அதை 0.04-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய நாலரை லட்சத்தில் ஒன்று என்று வருகிறது. 50-இல் ஒன்று எங்கே, நாலரை லட்சத்தில் ஒன்று எங்கே!

இப்போது அதே மனிதர் "மாற்று வட்டைப் பிறகு வாங்கலாம்" என்று 30 நாள் தாமதித்தால் என்ன ஆகும்? இழப்பு வாய்ப்பு 30 மடங்கு ஏறி, ஏறக்குறைய 15,000-இல் ஒன்று ஆகிவிடும். பொருள் அதே பொருள். விலை அதே விலை. மாறியது 'பிறகு' என்ற சொல்லின் நீளம் மட்டுமே.

இக்கணக்கில் ஒரு நிபந்தனை மறைந்திருக்கிறது. ஒரு வட்டு கெடுவதற்கும் மற்றது கெடுவதற்கும் தொடர்பு இல்லை என்று நாம் எடுத்துக்கொண்டோம். அந்த நிபந்தனை எப்போது உடையும் என்பதைச் சற்றுப் பின்னால் காண்போம்.

பிறகு சேர்க்கும் தட்டு

"இப்போது என்னிடம் ஒரு வட்டுதான் இருக்கிறது, இரண்டாவதைச் சேர்த்து ஆடிப்பதிவு அமைக்க முடியுமா?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. முடியும். லினக்ஸ் போன்ற இயக்கு தளங்களில் இதற்கென ஒரு வசதியே இருக்கிறது. இரண்டு இடங்கள் உள்ள ஆடியை, 'ஓர் இடம் இப்போதைக்குக் காலி' என்று சொல்லி ஒற்றை வட்டோடு தொடங்கலாம். புதிதாக வாங்கிய வட்டில் இப்படி அரை ஆடியை அமைத்து, பழைய வட்டிலுள்ளவற்றை அதில் படியெடுத்து, எல்லாம் சரியாக வந்தனவா என்று திறந்து பார்த்து, அதன் பின்னரே பழைய வட்டை ஆடியின் இரண்டாம் இடத்தில் சேர்க்க வேண்டும். திருமழபாடிக்காரர்கள் செய்ததும் இதுதான் அல்லவா?

இதில் மூன்று எச்சரிக்கைகள் உண்டு. முதலாவது, பின்னால் சேர்க்கும் வட்டின் கொள்ளளவு ஆடியின் அளவுக்குக் குறையக்கூடாது. ஒரே அளவு என்று பெட்டியில் போட்டிருந்தாலும் நிறுவனத்துக்கு நிறுவனம் சிறிது வேறுபடும். இரண்டாவது, எதிலிருந்து எதற்குப் படியெடுக்கிறோம் என்ற திசை. திசை மாறினால் பொறி வெறும் வட்டை மிக உண்மையாகப் படியெடுத்து, நிறைந்த வட்டையும் வெறுமையாக்கிவிடும்! எனவே இந்த வேலையைத் தொடங்குமுன் முக்கியமான கோப்புகளுக்கு வெளியே தனியாக ஒரு படி இருக்க வேண்டும். மூன்றாவது, காலம். 4 டெராபைட் வட்டை நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் படியெடுக்க ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரமும் பழைய வட்டு இடைவிடாது உழைக்க வேண்டும். தளர்ந்துபோன வட்டாயிருந்தால் அந்த உழைப்பிலேயே அது விழுந்துவிடலாம். ஆகவே வட்டு நலமாக இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது. ஓசை கேட்கத் தொடங்கிய பின் செய்வதன்று.

ஆடி காப்பாற்றாதவை

இனி ஆடிப்பதிவின் எல்லையைப் பார்ப்போம். ஆடி உள்ளதை உள்ளபடி காட்டும். முகத்தில் கரி இருந்தால் கரியையும் காட்டும். ஒரு கோப்பைத் தவறுதலாக அழித்தால் அதே கணத்தில் இரண்டு வட்டிலும் அழிந்துவிடும். நச்சு நிரல் ஒன்று கோப்புகளைப் பாழாக்கினால் இரண்டும் பாழ். ஏட்டுக்கும் இந்தக் குறை உண்டு. ஒருவர் பிழையாக எழுதிய சொல்லை அடுத்தவர் அப்படியே படியெடுப்பார்; பிழையும் வழிவழியாக வாழும். ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் எழுதும் வழக்கம் இருந்ததால் இக்குழப்பம் இன்னும் மிகுதி.

டாண்டம் நிறுவனத்தைச் சேர்ந்த ஜிம் கிரே 1985-இல் தம் பொறிகள் எதனால் நின்றன என்று ஆராய்ந்து ஓர் அறிக்கை எழுதினார். வன்பொருள் கெட்டதால் வந்தவை ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பொறியை இயக்கிப் பராமரிப்போர் செய்த பிழையும் நிரல்களில் இருந்த பிழையுமே பெரும்பங்கு. இரட்டை வட்டு அந்த ஐந்தில் ஒன்றுக்குள் அடங்கும் வட்டுக் கேட்டிலிருந்துதான் காக்கும். மற்றவற்றிற்கு வேறு காப்பு வேண்டும்.

இன்னொரு நுட்பம். இரண்டு படிகள் வேறுபட்டால் எது சரி என்று எப்படி அறிவது? இரண்டே இருந்தால், வேறுபாடு உண்டு என்று தெரியுமே ஒழிய எது பிழை என்று தெரியாது. ஏடு பதிப்பித்தவர்கள் அதனால்தான் மூன்று, நான்கு என்று பல படிகளைத் தேடி ஒப்பிட்டார்கள். பாட வேறுபாடுகளைக் குறித்து வைத்தார்கள். வன்தட்டில் ஒவ்வொரு பகுதியோடும் பிழை அறியும் குறியெண் ஒன்றும் சேர்த்து எழுதப்படுகிறது. 1950-இல் ரிச்சர்டு ஹாமிங் என்ற கணித அறிஞர் வெளியிட்ட கருத்துகளிலிருந்து வளர்ந்த முறை இது. படிக்கும்போது குறியெண் பொருந்தவில்லையானால், "என்னுடையது கெட்டுவிட்டது" என்று வட்டே சொல்லிவிடுகிறது. பொறி உடனே மற்ற வட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

இப்போது அந்த நிபந்தனைக்கு வருவோம். இரண்டு வட்டும் ஒரே பெட்டியில் இருக்கின்றன. ஒரே மின்சாரத்தைக் குடிக்கின்றன. ஒரே உப்புக் காற்றைச் சுவாசிக்கின்றன. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, அந்நகரில் 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. இத்தகைய வெள்ளம் ஒரு வீட்டினுள் புகுந்தால் ஒரு வட்டை மட்டும் நனைத்து மற்றதை விட்டுவிடுமா? நாலரை லட்சத்தில் ஒன்று என்ற கணக்கு அங்கே செல்லாது.

இதை நெருப்பும் நமக்குக் கற்பித்திருக்கிறது. 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்களும் அரிய ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. அச்சு நூல்கள் பலவற்றிற்கு வேறிடங்களில் படி இருந்தது; அவற்றை மீண்டும் தேடிச் சேர்க்கலாம். ஓரே படியாக இருந்தவை அந்த இரவோடு போயின. 2005-இல் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூல் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் படியெடுத்து எல்லோரும் காணுமாறு வைத்து வருகிறது.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் வாழ்நாள் முழுவதும் திரட்டிய நூல்களும் இதழ்களும் விளம்பரத் தாள்களும் அவர் 1992-இல் மறைந்த பின் சிதறியிருக்கக்கூடும். சிக்காகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 1994-இல் அவை சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. அவற்றை நுண்படச் சுருளில் படியெடுத்து, அப்படிகள் சிக்காகோவுக்கும் சென்றன. அசல் ஒரு கண்டத்தில், படி இன்னொரு கண்டத்தில். எந்தப் புயலும் இரண்டையும் ஒருங்கே தொட முடியாது. வங்கிகள் தம் முதன்மைக் கணிப்பொறி மையத்தை ஓர் ஊரிலும் மாற்று மையத்தைத் தொலைவிலுள்ள வேறோர் ஊரிலும் அமைப்பது இதே காரணத்தால்தான்.

நாம் செய்ய வேண்டியது

ஆகவே இரண்டு வேலைகளைப் பிரித்து அறிய வேண்டும். ஆடிப்பதிவு, வட்டு கெட்டாலும் வேலை நிற்காமல் காப்பது. காப்புப் படி, வட்டு, வீடு, மனிதப் பிழை எல்லாவற்றிலிருந்தும் செய்தியைக் காப்பது. கடைக்காரருக்கும் அலுவலகத்திற்கும் முதலாவது தேவை. இரண்டாவது, எல்லோருக்கும் தேவை. கையில் ஒரு வட்டுக்கு மட்டுமே பணம் இருந்தால், அதைப் பெட்டிக்குள் ஆடியாகப் பொருத்துவதைவிட, வெளியே கழற்றி வைக்கும் காப்புப் படியாக்கி வேறொரு வீட்டில் வைப்பதே சிறந்தது. ஆண்டுக்கொரு முறையாவது அதை இணைத்துத் திறந்து பார்க்கவும் வேண்டும். திறந்து பார்க்காத படி, படி இருக்கிறது என்ற நம்பிக்கையே அன்றிப் படி ஆகாது.

நல்லூர் நத்தத்தனாரின் 269 அடிகள் இன்று அச்சுப் புத்தகங்களில் இருக்கின்றன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் வழியே மின்வடிவிலும் வந்து, பல நாடுகளில் பலருடைய வட்டுகளில் பதிந்துவிட்டன. இனி ஒரு வட்டு கெடுவதால் அப்பாட்டுக்கு ஒன்றும் நேராது. அதைக் காத்தவர்கள் பெயர் தெரியாத ஏடு எழுதுவோர். ஓலை நொறுங்குவதற்கு முன்னரே எழுத்தாணியைக் கையில் எடுத்தவர்கள்.

உங்கள் கணிப்பொறியில், வேறு எங்கும் படி இல்லாதவை எவை என்று ஒரு தாளில் பட்டியல் எழுதிப் பாருங்கள். அப்பட்டியலின் முதல் வரிக்கு இன்றைக்கே ஒரு படி எடுங்கள்.